கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறீர்களா?

ஆஃபர் லெட்டர் கையில் வரும்வரை பழைய வேலையை விடாதீர்கள், போனில் சொன்ன சம்பளத்தை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். கிளம்பும் முன் ரிலீவிங் லெட்டரை வாங்கிவிடுங்கள், எனக்கு அது கைக்கு வர இரண்டு மாதம் ஆனது, அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். பிஎஃப்புக்குப் பழைய யுஏஎன் எண்ணையே (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) புதிய கம்பெனியில் கொடுங்கள், இருக்கும் பணத்தை எடுக்காமல் மாற்றிக்கொள்வதுதான் நல்லது.

அடுத்தது வீடு. பெங்களூரில் அட்வான்ஸ் நம்மூர் மாதிரி இல்லை, சில ஓனர்கள் பத்து மாத வாடகைகூடக் கேட்பார்கள், பேசிக் குறைக்கலாம். எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் வேலை என்றால் முதல் சில மாதம் ஓசூரில் தங்கி, அத்திப்பள்ளி வழியாகப் போய்வந்து பாருங்கள், வேலை பிடித்தபிறகு வீடு மாற்றினால் போதும். குடும்பத்தையும் அப்போதே கூட்டிப்போகலாம்.

வண்டி விஷயத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டு வண்டியைக் கர்நாடகாவில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு முதலில் நம் ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்கணும், வண்டிமேல் லோன் இருந்தால் ஃபைனான்ஸ்காரரின் சம்மதமும் தேவை. அங்கே வரி கட்டியபிறகு, இங்கே கட்டிய ஆயுள் வரியில் மிச்சக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்டு மனு போடலாம்.

அப்புறம், வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்ததும் ஆதார் முகவரியை மாற்றுங்கள், வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்றப் படிவம் 8 கொடுங்கள். கன்னடம் நாலு வார்த்தை இப்போதே பழகுங்கள்.