ஜாமீன் விசாரணையில் கணினி தரும் அபாய மதிப்பெண்ணை வாசிக்கும் முறை

கைதானவர் அடுத்த வாய்தாவுக்கு வருவாரா, வெளியே விட்டால் மீண்டும் குற்றம் செய்வாரா என்பதைப் பழைய வழக்குகளின் தரவிலிருந்து கணித்து மதிப்பெண் தரும் மென்பொருள்கள் அமெரிக்க நீதிமன்றங்கள் பலவற்றில் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. அத்தகைய மதிப்பெண் நாளை தஞ்சாவூரிலோ மயிலாடுதுறையிலோ ஒரு ஜாமீன் மனுவோடு வந்து சேர்ந்தால், நடுவரும் வழக்கறிஞரும் அதை எப்படிக் கையாள வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

அந்த எண் எதைக் கணிக்கிறது என்று முதலில் எழுத்துமூலம் கேளுங்கள். ‘மீண்டும் குற்றம்’ என்று தலைப்பிட்டிருந்தாலும், மென்பொருள் பெரும்பாலும் ‘மீண்டும் கைது’ என்ற பதிவிலிருந்தே பயின்றிருக்கும். கொள்ளிடக் கரையில் காவலர் அடிக்கடி ரோந்து போகும் ஊரில் மாட்டுவண்டி மணல் வழக்குகள் பெருகும். ரோந்து போகாத ஊரில் அதே அளவு மணல் அள்ளப்பட்டாலும் பதிவேட்டில் எதுவும் இராது. சிறையிலேயே வைக்கப்பட்டவர்கள் வெளியே இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்பதும் எந்தத் தரவிலும் இல்லை.

அடுத்து, எந்தெந்த விவரங்களைக் கொண்டு கணித்தார்கள் என்ற பட்டியலை வாங்கிப் பாருங்கள். நிலையான வேலை, ஒரே முகவரியில் வசித்த காலம் ஆகியவை அதில் இருந்தால் டெல்டாவின் விவசாயக் கூலிகள் அனைவருமே அபாயமானவர்களாகத் தெரிவார்கள். சம்பா அறுவடை முடிந்து திருப்பூருக்கு வேலைக்குப் போனவரின் பூட்டிய வீட்டிலிருந்து அழைப்பாணை திரும்பியிருந்தால் அதைத் தலைமறைவாகக் கொள்ளக் கூடாது. ஏழைக் கொத்தனார் ஒருவரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டதையும், வேறு மாவட்டத்தில் சொத்துள்ள அவரது சகோதரரின் ஜாமீனை மறுத்ததையும் உச்ச நீதிமன்றம் 1978-இல் மோதி ராம் வழக்கில் ஏற்கவில்லை என்பதை வழக்கறிஞர் இவ்விடத்தில் எடுத்துரைக்கலாம்.

கணக்கைத் தாளில் போட்டுப் பார்ப்பதே மிகவும் பயன் தரும். உதாரணத்துக்கு, 1,000 பேரில் 100 பேர் வாய்தாவுக்கு வரமாட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் அந்த 100 பேரில் 70 பேரைச் சரியாகப் பிடிக்கிறது. வரக்கூடிய 900 பேரில் 20 சதவீதத்தினரை, அதாவது 180 பேரை, தவறாகக் குறிக்கிறது. ஆகவே ‘அதிக அபாயம்’ என்று குறிக்கப்பட்ட 250 பேரில் 180 பேர் ஒழுங்காக நீதிமன்றத்துக்கு வரக்கூடியவர்கள். இவர்களுக்கும் ஜாமீன் மறுத்தால் இழக்கப்படுவது குடும்பத்தின் அன்றாடக் கூலி.

இந்தத் தவறுகள் எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து ப்ரோவார்ட் கவுண்டியில் பயன்பட்ட காம்பஸ் என்ற அபாய மதிப்பெண் மென்பொருளை 2016-இல் ப்ரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் ஆராய்ந்தது. மீண்டும் குற்றத்தில் சிக்காதவர்களிடையே, கறுப்பினத்தவரில் சுமார் 45 சதவீதமும் வெள்ளையரில் சுமார் 23 சதவீதமும் கூடுதல் அபாயமுள்ளவர்களாகக் குறிக்கப்பட்டிருந்தனர். ஒரே மதிப்பெண் இரு தரப்பினருக்கும் ஒரே பொருளையே தருகிறது என்று தயாரிப்பாளர் வாதிட்டனர். அடிப்படை விகிதங்கள், அதாவது ஒவ்வொரு தரப்பிலும் மீண்டும் குற்றத்தில் சிக்குவோரின் விகிதங்கள், வேறுபடும்போது, பிழை சமமாக விழுவது, மதிப்பெண் ஒரே பொருள் தருவது ஆகிய இவ்விரு வகை நியாயத்தையும் ஒருசேர நிறைவேற்றக் கணிதமே இடந்தராது. எனவே சாதி, பாலினம், தாலுகா வாரியாகப் பிழை விகிதத்தைக் கேட்டு வாங்காமல் மேலே செல்லாதீர்கள்.

மதிப்பெண் மட்டுமே தீர்மானிக்கக் கூடாது என்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் 2016-இல் லூமிஸ் வழக்கில் கூறியது. கேரள உயர் நீதிமன்றம் 2025-இல் வெளியிட்ட கொள்கை, மாவட்ட நீதிமன்றங்கள் தீர்ப்புக்கோ உத்தரவுக்கோ செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதையே தடுக்கிறது. என் கருத்தில், யாருக்கு முந்தைய நாள் தொலைபேசியில் நினைவூட்டுவது, யாருக்கு அறுவடைக்குப் பிந்தைய வாய்தா கொடுப்பது என்று உதவியை ஒதுக்குவதற்கு மட்டுமே இந்த எண் ஏற்றது. அதன் நகலைக் கைதானவர் தரப்பு வழக்கறிஞருக்கு விசாரணைக்கு முன்பே கொடுங்கள். அந்த எண்ணை நீக்கிவிட்டு வாசித்தாலும் நிற்கும்படி உத்தரவின் காரணங்களை எழுதுங்கள்.