இந்த வரி எந்த த்ரெட்டில் ஓடும்? க்யூட் நிரல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கோப்புறையில் இருக்கும் ஆயிரக்கணக்கான புகைப்படங்களைத் திறந்து, சிறுபடங்களாக்கி, சாளரத்தில் அடுக்கிக் காட்டும் நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். த்ரெட் என்பது நிரலுக்குள் தனித்து ஓடும் ஒரு செயலோட்டம். அந்த வேலையை, சாளரத்தைக் கவனிக்கும் மெயின் த்ரெட்டிலேயே செய்தால் சாளரம் உறைந்துவிடும். ஆகவே ஒர்க்கர் த்ரெட் ஒன்றைக் கிளப்பி, ஒவ்வொரு படமும் தயாரானதும் அங்கிருந்து மெயின் த்ரெட்டுக்குத் தகவல் அனுப்புகிறோம். சி++ மொழியில், சாளர நிரல்களுக்கான க்யூட் (Qt) நூலகத்தைக் கொண்டு எழுதுவோர் இதைச் சிக்னல் (ஒன்று நடந்ததை அறிவிப்பது), ஸ்லாட் (அதைப் பெற்று ஓடும் ஃபங்ஷன்) வழியாகச் செய்வார்கள். எழுதியவரின் கணினியில் இது பெரும்பாலும் ஓடிவிடும். பயன்படுத்துபவரின் கணினியில் எப்போதாவது விழும், அதுவும் காரணம் சொல்லாமல் விழும். இந்த வகைப் பிழைகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வந்தவை: இந்த வரி எந்த த்ரெட்டில் ஓடும்?

விட்ஜெட்டுகளை, அதாவது பொத்தான், லேபிள் போன்ற திரை உறுப்புகளை, மெயின் த்ரெட்டில் மட்டுமே தொட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் தடுக்கி விழும் இடம் க்யூத்ரெட் வகுப்பு. பெயரைப் பார்த்து அதையே புதிய த்ரெட் என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் அது த்ரெட்டை நிர்வகிக்கும் ஒரு ஆப்ஜெக்ட். தான் எந்த த்ரெட்டில் உருவாக்கப்பட்டதோ அந்த த்ரெட்டையே சேர்ந்தது. அதிலிருந்து வகுப்பு ஒன்றை வருவித்து, அதில் ஸ்லாட்டுகளை எழுதி, வெளியிலிருந்து சிக்னல் அனுப்பினால், அந்த ஸ்லாட்டுகள் மெயின் த்ரெட்டில்தான் ஓடும். ரன் என்ற ஃபங்ஷனும் அதிலிருந்து அழைக்கப்படுபவையும் மட்டுமே புதிய த்ரெட்டில் ஓடும்.

வேலை செய்யும் வகுப்பைத் தனியாக எழுதி, அதை மூவ்டுத்ரெட் மூலம் புதிய த்ரெட்டுக்கு மாற்றுவதே தெளிவான வழி. அந்த ஆப்ஜெக்ட்டுக்குப் பேரண்ட், அதாவது அதை உரிமையாக வைத்திருக்கும் வேறொரு ஆப்ஜெக்ட், இருக்கக் கூடாது. இருந்தால் க்யூட் அதை நகர்த்தாது. ஓர் எச்சரிக்கை வரியை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடும். விண்டோஸில் கன்சோல் இல்லாமல் ஓடும் நிரலில் அந்த வரி யார் கண்ணிலும் படாது. வேலை முழுவதும் மெயின் த்ரெட்டிலேயே நடந்துகொண்டிருக்கும்.

அடுத்தது இணைப்பு. சிக்னலை ஸ்லாட்டோடு இணைக்கும் கனெக்ட் எழுதும்போது வகை எதுவும் குறிப்பிடாவிட்டால், நேரடி அழைப்பா, வரிசையில் போடுவதா என்பதைச் சிக்னல் கிளம்பும் நொடியில்தான் க்யூட் முடிவுசெய்கிறது. அப்போது ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட்டும் பெறுபவர் சேர்ந்த த்ரெட்டும் ஒன்றானால் நேரடி அழைப்பு, வேறானால் வரிசை. லாம்ப்டாவுக்கு, அதாவது அந்த இடத்திலேயே எழுதும் பெயரில்லா ஃபங்ஷனுக்கு, இணைக்கும்போது பெறுபவர் என்று யாரும் இல்லை. சூழல் ஆப்ஜெக்ட் ஒன்றைக் கொடுக்காமல் விட்டால், சிக்னல் எந்த த்ரெட்டில் கிளம்பியதோ அதே த்ரெட்டில் லாம்ப்டா ஓடும். ஒர்க்கரின் சிக்னலை ஒரு லாம்ப்டாவுக்கு இணைத்து, உள்ளே லேபிளின் எழுத்தை மாற்றுவது இன்றைய நிரல்களில் மிகச் சாதாரணமாகக் காணும் தவறு. கனெக்ட்டின் மூன்றாவது இடத்தில் சாளரத்தின் சுட்டியைக் கொடுத்தால் போதும், லாம்ப்டா மெயின் த்ரெட்டுக்கு வந்துவிடும். சாளரம் அழிந்தால் இணைப்பும் அறுந்துவிடும் என்பது கூடுதல் பாதுகாப்பு.

இப்போது தரவு. படத்தை வைத்திருக்க க்யூட்டில் இரண்டு வகுப்புகள் உண்டு. க்யூபிக்ஸ்மேப்பை மெயின் த்ரெட்டோடு நிறுத்திக்கொண்டு, ஒர்க்கரில் க்யூஇமேஜைப் பயன்படுத்துங்கள். க்யூஇமேஜை மதிப்பாக அனுப்பலாம். இரண்டு பிரதிகள் உள்ளே ஒரே பிக்சல்களைப் பகிர்ந்தாலும், எத்தனை பிரதிகள் என்ற எண்ணிக்கை அட்டாமிக்காக, அதாவது இடையில் வேறு த்ரெட் குறுக்கிட முடியாதபடி, நடப்பதால் ஆபத்தில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. படக் கோப்பைப் பிக்சல்களாக்கும் டீகோடர் தந்த பஃபரின் (நினைவகப் பகுதியின்) சுட்டியைக் கொடுத்து க்யூஇமேஜை உருவாக்கினால், அது பிக்சல்களைப் பிரதி எடுப்பதில்லை. அந்த பஃபரையே பார்த்துக்கொண்டிருக்கும். சிக்னல் வரிசையில் காத்திருக்கும்போதே ஒர்க்கர் அதே பஃபரில் அடுத்த படத்தை எழுதிவிடும். பாதி ஒரு படமும் பாதி இன்னொரு படமுமாகத் திரையில் தெரியும். அனுப்பும் முன் காப்பி என்று ஒருமுறை அழைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. வரிசையில் போடும் எதற்கும் இதே விதிதான்: அனுப்பிய பிறகு அனுப்பியவர் அதைத் தொடக் கூடாது. போஸ்ட்ஈவென்ட் மூலம் அனுப்பும் நிகழ்வை நியூ கொண்டு உருவாக்க வேண்டும், நாம் அழிக்கவும் கூடாது. அதன் உரிமை க்யூட்டுக்குப் போய்விடுகிறது.

நிறுத்து பொத்தானைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பொத்தானின் சிக்னலை ஒர்க்கரின் ஸ்லாட்டுக்கு இணைக்கிறோம். அது ஒழுங்காக வரிசையில் போய் நிற்கிறது. ஆனால் ஒர்க்கரோ ஒரு ஃபார் லூப்புக்குள் ஆயிரமாவது படத்தைத் திறந்துகொண்டிருக்கிறது. வரிசையில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்து இயக்கும் ஈவென்ட் லூப்புக்குத் திரும்பினால்தானே வரிசையைப் பார்க்கும்? எல்லாப் படங்களும் முடிந்த பிறகுதான் "நிறுத்து" போய்ச் சேரும். சிலர் ஃபார் லூப்புக்குள் ப்ராசஸ்ஈவென்ட்ஸ் என்று அழைத்து, வரிசையை அங்கேயே பார்க்க வைத்து, இதைச் சமாளிக்கிறார்கள். ஒரு ஸ்லாட் முடியும் முன்பே அதே ஸ்லாட் இன்னொரு முறை தொடங்கிவிடும் வாய்ப்பை அது திறந்துவிடும், வேண்டாம். த்ரெட்டை நிறுத்தக் கோரும் ரிக்வெஸ்ட்இன்டரப்ஷன் என்ற க்யூத்ரெட் ஃபங்ஷன் க்யூட் 5.2 முதல் இருக்கிறது. பொத்தானின் ஸ்லாட் மெயின் த்ரெட்டிலிருந்து அதை நேரடியாக அழைக்கட்டும். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால், அந்தக் கோரிக்கை வந்திருக்கிறதா என்று ஒர்க்கர் சோதிக்கட்டும். ஒரு அட்டாமிக் பூலியனும் இதே வேலையைச் செய்யும்.

வேகமும் ஒரு தொல்லை. திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்கு மேல் அனுப்பும் முன்னேற்றத் தகவல்கள் யாருக்கும் தெரியப்போவதில்லை. க்யூட்டின் வரிசைக்கு உச்சவரம்பு கிடையாது. ஒர்க்கர் வேகமாகவும் மெயின் த்ரெட் மெதுவாகவும் இருந்தால் நினைவகம் ஏறிக்கொண்டே போகும். விண்டோஸின் சொந்தச் செய்தி வரிசைக்கு இயல்பாக 10,000 என்ற வரம்பு உண்டு. அதைத் தாண்டினால், செய்தியை வரிசையில் போடும் போஸ்ட்மெசேஜ் தோற்றுப்போகும். அந்த ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்பைப் பார்க்காமல் எழுதியவர்களின் செய்திகள் ஓசையின்றித் தொலையும். முடிவுகளை மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் அனுமதிக்கும் பூட்டு) காக்கும் ஒரு பட்டியலில் சேர்த்து, பட்டியல் காலியாக இருந்து நிரம்பும் தருணத்தில் மட்டும் ஒரு நிகழ்வை அனுப்புங்கள். மெயின் த்ரெட் வந்து மொத்தத்தையும் ஒரே தடவையில் எடுத்துக்கொள்ளும்.

ப்ளாக்கிங்க்யூடுகனெக்ஷன் (BlockingQueuedConnection), அதாவது பெறுபவர் முடிக்கும்வரை அனுப்பியவர் காத்திருக்கும் இணைப்பு, எனக்குப் பிடிக்காத வசதி. ஒரே த்ரெட்டுக்குள் அதைப் பயன்படுத்தினால் டெட்லாக், அதாவது முடிவில்லாத காத்திருப்பு. வேறு த்ரெட்டுக்குப் பயன்படுத்தினாலும், நிரலை மூடும் நேரத்தில் மெயின் த்ரெட் வெயிட் என்று ஒர்க்கருக்காக நிற்க, ஒர்க்கர் மெயின் த்ரெட்டின் பதிலுக்காக நிற்க, இரண்டும் அப்படியே நின்றுவிடும்.

மூடும் நேரத்துக்குத் தனிக் கவனம் தேவை. த்ரெட்டை முடிக்கச் சொல்லும் க்விட் அழைத்தால் ஒர்க்கரின் ஈவென்ட் லூப்புக்கு மட்டுமே அது பொருந்தும். நீண்ட ஃபார் லூப்பை அது அசைக்காது. டெர்மினேட் அந்த த்ரெட்டை எந்த இடத்திலும் வெட்டிவிடும், அது பூட்டிய மியூடெக்ஸ் பூட்டியபடியே கிடக்கும். முதலில் ரிக்வெஸ்ட்இன்டரப்ஷன், பிறகு க்விட், அதன்பின் வெயிட். இவை முடிந்த பிறகே க்யூத்ரெட் ஆப்ஜெக்ட்டை அழிக்கலாம். த்ரெட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை அழித்தால் நிரல் அந்த இடத்திலேயே விழுந்துவிடும்.