டெஸ்க்டாப் பூல் வொர்க்ஃப்ளோ: பச்சை விளக்கு மறைக்கும் தவறுகள்

மெய்நிகர் டெஸ்க்டாப் பூல்களின் (சர்வரில் இயங்கி, நெட்வொர்க் வழியே பயன்படுத்தப்படும் கணினிகளின் தொகுப்புகளின்) நிர்வாகத்தை வொர்க்ஃப்ளோக்களிடம், அதாவது தானாக ஓடும் படிவரிசைகளிடம், ஒப்படைக்கத் தொடங்குபவர்கள் பயனர் பெயரைத் தவறாக உள்ளிடுவதும், காலாவதியான கடவுச்சொல்லோடு இணைய முயல்வதும் முதல் ஓட்டத்திலேயே பிடிபட்டுவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். எல்லாப் படிகளும் வெற்றி என்று காட்டிவிட்டு, பல மாதங்கள் கழித்துத் தலையெடுக்கும் தவறுகள்தான் எழுதத் தூண்டுகின்றன.

அனுமதி வேறு, ஒதுக்கீடு வேறு

ஒரு பூலைப் பயன்படுத்தலாம் என்பது என்டைட்டில்மென்ட். அந்தப் பூலுக்குள் இன்ன மெஷின் இன்னாருடையது என்பது அசைன்மென்ட். இத்தகைய டெஸ்க்டாப்களை வழங்கும் மென்பொருளான ஹொரைசனில், ஒவ்வொருவருக்கும் நிலையான மெஷின் தரும் டெடிகேட்டட் பூல்களில் இவ்விரண்டும் தனித்தனியே பதிவாகின்றன. இருந்தும், பணியிலிருந்து விலகுபவருக்காக எழுதப்படும் வொர்க்ஃப்ளோக்களில் பெரும்பாலானவை அவரை ஆக்டிவ் டைரக்டரி (பயனர் கணக்குகளின் மையப் பதிவேடு) குரூப்பிலிருந்து நீக்குவதோடு நின்றுவிடுகின்றன. அவர் பெயரில் இருந்த மெஷின் அவர் பெயரிலேயே இருக்கிறது. திறந்திருக்கும் செஷனும் அறுபடுவதில்லை. வேறொரு குரூப் வழியாகவும் அவருக்கு அனுமதி வந்திருந்தால், நீக்கியதாக நினைத்ததே நீங்கியிருக்காது.

இப்படி உரியவர் இல்லாத மெஷின்கள் சேரச் சேர, புதிதாக வருபவருக்கு டெஸ்க்டாப் கிடைக்காமல் போகிறது. உடனே யாராவது பூலின் உச்ச வரம்பை உயர்த்துகிறார்கள், ஸ்டோரேஜ் நிறைகிறது. காரணம் தெரிந்ததும் அவசர அவசரமாக எல்லா அசைன்மென்ட்டையும் நீக்கும் ஒரு லூப் எழுதப்படுகிறது. எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இந்த இரண்டாவது தவறுதான். டெம்ப்ளேட்டின் (மாதிரி மெஷினின்) முழு நகலான ஃபுல் குளோன் மெஷினில் அசைன்மென்ட்டை நீக்கினால் உரிமையாளரின் பெயர் மட்டுமே போகும், டிஸ்க் அப்படியே இருக்கும். தானியங்கி ஒதுக்கீடு உள்ள பூலில் அந்த மெஷின் அடுத்து நுழைபவருக்குப் போய்ச் சேரும். நான் பார்த்த ஓரிடத்தில், புதிதாகச் சேர்ந்தவர் முதல் நாள் காலையில் டி டிரைவைத் திறந்தபோது, முன்பிருந்தவர் வைத்துவிட்டுப்போன "சம்பளத் திருத்தம்" என்ற ஃபோல்டர் அவரை வரவேற்றது. வொர்க்ஃப்ளோவின் பதிவேட்டிலோ ஒவ்வொரு மெஷினுக்கும் எதிரே பச்சைக் குறி!

ஆகவே வரிசை முக்கியம். முதலில் நேரடி அனுமதியையும் குரூப் வழி அனுமதியையும் நீக்குங்கள். பிறகு டிஸ்கனெக்ட் ஆகிக் கிடப்பவை உட்பட எல்லாச் செஷன்களையும் லாக்ஆஃப் செய்யுங்கள். பாதுகாக்க வேண்டிய தரவை நகலெடுத்த பின், அசைன்மென்ட்டை நீக்குவதற்குப் பதிலாக மெஷினையே அழித்துவிடுங்கள். புரொவிஷனிங் (மெஷின்களைத் தானாக உருவாக்கும் வசதி) இயங்கும் பூல் தன் அளவை நிரப்பத் தேவையானபோது டெம்ப்ளேட்டிலிருந்து புதிய மெஷினை உருவாக்கிக்கொள்ளும். யாருக்கும் நிலையாக ஒதுக்கப்படாமல், லாக்ஆஃப் ஆனதும் புதுப்பிக்கப்படும் ஃப்ளோட்டிங் இன்ஸ்டன்ட் குளோன்களில் இந்தத் தலைவலி இல்லை.

ஏற்றதை முடித்ததாக எண்ணுதல்

மெஷினை அழிக்கச் சொன்னதும் சர்வர் தரும் பதில், கோரிக்கை கிடைத்தது என்பதற்கான ஒப்புதல் மட்டுமே. அழிப்பு பின்னணியில் நடக்கும். நடுவே முப்பது நொடிக் காத்திருப்பு ஒன்றைச் செருகுவது தீர்வாகாது. மெஷினின் நிலையைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஓர் உச்ச நேரத்துக்குள் மாறாவிட்டால் ஓட்டத்தை நிறுத்தி ஆளை அழைக்கும்படி எழுதுங்கள். பாதியில் நின்ற ஓட்டத்தை மறுபடி தொடங்கினாலும் கேடு விளையாதபடி, ஒவ்வொரு படியும் இந்த வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டதா என்று முதலில் பார்க்கட்டும்.

பணி நேரத்தில் இமேஜ் மாற்றம்

பூலின் இமேஜை (மெஷின்கள் உருவாகும் மூலப் பிரதியை) மாற்றும்போது, பயனர் வெளியேறும்வரை காத்திருக்கும் தேர்வு அங்கேயே இருக்கிறது. அதை விட்டுக் கட்டாய லாக்ஆஃபைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

பழைய வொர்க்ஃப்ளோவை அப்படியே ஓட்டுதல்

ரீகம்போஸை (மெஷின்களைப் புதிய இமேஜுக்கு மாற்றும் பழைய செயலை) அழைப்பவை, ஒரு மூல டிஸ்கைப் பகிர்ந்துகொள்ளும் லிங்க்டு குளோன் வகைக்காக எழுதப்பட்டவை. ஹொரைசன் 8 வரிசையில் அந்த வகையே நீக்கப்பட்டுவிட்டது.

சர்வீஸ் அக்கவுண்ட்டுக்கு முழு நிர்வாகி உரிமை

வொர்க்ஃப்ளோ உள்நுழையப் பயன்படுத்தும் அந்தக் கணக்குக்கு அதைக் கொடுக்காதீர்கள். பூல்களை அக்சஸ் குரூப்களாக (நிர்வாக உரிமையைத் தனித்தனியே தருவதற்கான தொகுதிகளாக) பிரித்து, வொர்க்ஃப்ளோ தொட வேண்டிய குரூப்புக்கு மட்டும் தேவையான ரோலை (உரிமைத் தொகுப்பை) தாருங்கள்.