சர்வர் அப்டேட்: நிறுவும் முன்பே நீக்கும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

அப்டேட் போட ஒன்றிரண்டு கட்டளைகள் போதும்; போட்டதை எடுப்பதற்குத்தான் ஒவ்வொரு இயங்குதளத்திலும் ஒவ்வொரு வழி. எஸ்எஸ்எச் வழியே உள்ளே நுழைவதும் ரூட் உரிமை பெறுவதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். சர்வர் விர்ச்சுவல் மெஷினாக இருந்தால் முதலில் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் முழு நகல்) எடுத்துவிடுங்கள். டேட்டாபேஸ் ஓடும் சர்வரில் தனி பேக்கப்பும் வேண்டும்; ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால், அதை எடுத்த பிறகு பதிவான தரவு அனைத்தும் போய்விடும்.

உபுண்டு, டெபியன்

‘ஆப்ட்-கெட் அப்டேட்’ எதையும் நிறுவாது. எந்த மென்பொருள் தொகுப்புக்கு என்ன பதிப்பு வந்திருக்கிறது என்ற பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். நிறுவுவது அடுத்துக் கொடுக்கும் ‘ஆப்ட்-கெட் அப்கிரேட்’. இடையில் கான்ஃபிக் கோப்பை மாற்றலாமா என்று கேட்டால், அது நீங்கள் கைப்படத் திருத்திய கோப்பு என்றால் ‘என்’ அழுத்திப் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சிக்கிக்கொண்டது நீக்கும்போதுதான். ஒரு தொகுப்பின் புதிய பதிப்பு என் அமைப்போடு ஒத்துப்போகாததால் முந்தைய பதிப்புக்குத் திரும்ப நினைத்து, ‘ஆப்ட்-கேஷ் பாலிசி’ கொடுத்துப் பார்த்தேன். அன்று நிறுவியதும், உபுண்டு வெளியீட்டோடு முதலில் வந்ததும் இருந்தன. முந்தைய நாள்வரை ஓடிய பதிப்பைக் காணவில்லை. புதியது வந்தவுடன் பழைய திருத்தம் களஞ்சியத்தின் (தொகுப்புகளை இறக்கும் இணையக் கிடங்கின்) பட்டியலிலிருந்து போய்விடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. இறக்கிய கோப்புகள் தங்கும் ஆர்க்கைவ்ஸ் கோப்புறையும் காலியாக இருந்தது. காரணம், நான் எப்போதும் ‘ஆப்ட்’ என்ற சுருக்கக் கட்டளையையே பயன்படுத்தி வந்தேன். அது நிறுவி முடித்ததும் இறக்கிய கோப்புகளை அழித்துவிடும், ‘ஆப்ட்-கெட்’ வைத்திருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே சர்வரில் ‘ஆப்ட்-கெட்’ மட்டும் பயன்படுத்துங்கள் என்று வலியுறுத்துகிறேன்.

கோப்பு கையில் இல்லையென்றால், உபுண்டுவுக்கு லாஞ்ச்பேட் இணையதளத்திலும் டெபியனுக்கு அதன் ஸ்னாப்ஷாட் காப்பகத்திலும் பழைய பதிப்புகள் கிடைக்கும். எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு மாறியது என்பதை ஆப்டின் ஹிஸ்டரி லாக் காட்டும். பழையதை நிறுவியவுடன் ‘ஆப்ட்-மார்க் ஹோல்ட்’ கொடுத்து நிறுத்திவையுங்கள். இல்லையென்றால் அடுத்த அப்கிரேடில் புதியது மீண்டும் வந்து உட்கார்ந்துவிடும். ஹோல்ட் இருக்கும்வரை அந்தத் தொகுப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் வராது என்பதால், சிக்கல் தீர்ந்ததும் அதை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

ரெட் ஹாட், ராக்கி, அல்மா

நீக்கும் வசதியைப் பொறுத்தவரை எனக்குப் பிடித்தது இவற்றில் தொகுப்புகளை நிறுவும் கருவியான டிஎன்எஃப்தான். ‘டிஎன்எஃப் அப்கிரேட்’ கொடுத்து நிறுவுங்கள். ‘டிஎன்எஃப் ஹிஸ்டரி’ ஒவ்வொரு மாற்றத்தையும் எண்ணிட்டுக் காட்டும். ‘ஹிஸ்டரி அண்டூ’வோடு அந்த எண்ணைக் கொடுத்தால் அந்த மாற்றம் முழுவதும் பின்வாங்கும். இதற்கும் பழைய பதிப்பு களஞ்சியத்தில் இருக்க வேண்டும். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு இது தேவையே இல்லை. வழக்கமான அமைப்பில் 3 கெர்னல்கள் வரை வைத்திருக்கும் என்பதால், ரீபூட் செய்யும்போது தொடக்கத்தில் வரும் க்ரப் பட்டியலில் பழையதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

விண்டோஸ் சர்வர்

மாதாந்திர அப்டேட்டுகள் ஒவ்வொரு மாதமும் 2-ஆம் செவ்வாய்க்கிழமை வருகின்றன. டெஸ்க்டாப் இல்லாத சர்வர் கோர் வகையில் ‘எஸ்கான்ஃபிக்’ மெனு வழியே நிறுவலாம். நீக்குவதற்கு ‘டபிள்யூயுஎஸ்ஏ’ கட்டளையோடு அன்இன்ஸ்டால் என்ற தெரிவையும் அந்த அப்டேட்டின் அடையாளமான கேபி எண்ணையும் கொடுக்க வேண்டும் என்று முதலில் எழுதியிருந்தேன்.

திருத்தம்: அப்படிச் செய்தும் நீங்கவில்லை என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். அவர்கள் சொன்னது சரி. 2021 முதல் மாதாந்திரத் தொகுப்போடு சர்வீசிங் ஸ்டாக் அப்டேட்டும் (அப்டேட்டுகளை நிறுவும் பகுதிக்கான அப்டேட்) சேர்ந்தே வருகிறது. அதை நீக்க முடியாது என்பதால் இந்தக் கட்டளை மறுத்துவிடும். அதற்குப் பதிலாக, ‘டிஸ்ம்’ கருவியின் கெட்-பேக்கேஜஸ் தெரிவைக் கொடுத்து, பெயரில் ‘ரோல்அப்ஃபிக்ஸ்’ என்று வரும் தொகுப்புகளில் அண்மையதன் முழுப் பெயரைப் பிரதியெடுத்து, ரிமூவ்-பேக்கேஜ் தெரிவோடு கொடுத்தபின் ரீபூட் செய்யுங்கள். இடம் மிச்சப்படுத்த டிஸ்மின் ரீசெட்பேஸ் தெரிவை முன்பே ஓட்டியிருந்தால், அதற்கு முன் நிறுவிய அப்டேட்டுகளை இந்த வழியிலும் எடுக்க முடியாது; அப்போது கைகொடுப்பது தொடக்கத்தில் எடுத்த ஸ்னாப்ஷாட் மட்டுமே.