சி டிரைவ் நிரம்பினால் ஃபார்மேட் அடிக்காதீர்கள்

கீழக்கரையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். தொழில் பழக வரும் தம்பிகள் நிரம்பிப்போன டிரைவைப் பார்த்ததும் செய்கிற தவறுகள், நாங்கள் பழகிய காலத்தில் செய்தவையேதான். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்ய மறப்பது போன்றவற்றைச் சொல்லித்தர ஆள் வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கண்ணில் படுவதை மட்டும் கூட்டுவது

இந்தத் தவறைக் கண்டால் இன்றும் எனக்குக் கோபம் வரும். கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர். 256 ஜிபி எஸ்எஸ்டியில் சி டிரைவ் முழுக்கச் சிவப்பு. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், வீடியோஸ் என்று ஒவ்வொன்றாக ப்ராப்பர்ட்டீஸ் பார்த்துக் கூட்டியிருக்கிறார். பாதிதான் கணக்கில் வந்தது. "மீதியை வைரஸ் தின்னுருச்சு காக்கா" என்றார் (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்). சொன்னது ஃபார்மேட் அடித்த பிறகு! டெஸ்க்டாப்பில் இருந்த கல்யாண ஃபுட்டேஜும் அதோடு போனது. டெஸ்க்டாப்பும் சி டிரைவுக்குள்தான் இருக்கிறது என்பதை யோசிக்கவில்லை. மாப்பிள்ளை லீவு முடிந்து துபாய்க்கே திரும்பிவிட்டார். அந்த நிக்காஹை மறுபடி எடுக்க முடியுமா?

பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ரெக்கவரி செய்து கொஞ்சமாவது மீட்டிருப்போம். எஸ்எஸ்டியை ஃபார்மேட் செய்தால் விண்டோஸ் 'ட்ரிம்' கட்டளை அனுப்பிவிடும். டிஸ்க் அந்த இடங்களை உள்ளுக்குள் துடைத்துவிடும். பெரும்பாலும் ஒன்றும் திரும்பாது.

இவ்வளவுக்குப் பிறகும் சில வாரங்களில் டிரைவ் மறுபடி நிரம்பியது. இடத்தைப் பிடித்தது எடிட்டிங் மென்பொருளின் கேஷ், அதாவது வேகமாக ஓடுவதற்காக அது உருவாக்கி வைக்கும் தற்காலிகக் கோப்புகள். அது இருப்பது ஆப்டேட்டா ஃபோல்டரில். அந்த ஃபோல்டரை விண்டோஸ் மறைத்தே வைத்திருக்கும். பிரீமியர் ப்ரோவில் ப்ரிஃபரன்ஸஸ் போய் மீடியா கேஷை அழிக்கலாம், வேறு டிரைவுக்கும் மாற்றலாம். ஒரிஜினல் ஃபுட்டேஜுக்கு ஒன்றும் ஆகாது. ப்ராஜெக்டைத் திறந்தால் கேஷ் மறுபடி உருவாகிக்கொள்ளும்.

அதனால் கையால் கூட்டாதீர்கள். எந்தக் கோப்பு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் விஸ்ட்ரீ மென்பொருளை அட்மினாக (Run as administrator) ஓட்டுங்கள். என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் கோப்பு முறை) டிரைவின் கோப்புப் பட்டியலையே நேராகப் படிப்பதால் சில நொடிகளில் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாகக் காட்டிவிடும். இதே வேலை செய்யும் விண்டிர்ஸ்டாட்டும் நல்லதுதான், அதையும் அட்மினாகவே ஓட்டுங்கள். இல்லையென்றால் ரீஸ்டோர் பாயின்ட்கள் (விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்பச் சேமித்தவை) கிடக்கும் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் ஃபோல்டருக்குள் அவற்றால் நுழைய முடியாது; கணக்கு மறுபடி உதைக்கும்.

வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரைக் கையால் அழிப்பது

விண்டோஸ் தன் சிஸ்டம் கோப்புகளை வைத்திருக்கும் இடம் இது. அழித்தால் விண்டோஸ் எழாமலே போகலாம். அங்குள்ள பல கோப்புகள் விண்டோஸ் ஃபோல்டரில் இருப்பவையேதான். ஹார்ட் லிங்க் (ஒரே கோப்புக்கு இரண்டு இடத்தில் பெயர்) என்பதால் இரண்டு முறை எண்ணப்பட்டு அளவு பெரிதாகத் தெரிகிறது. குறைக்க வேண்டுமென்றால் விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் க்ளீனப்பை ஓட்டுங்கள்.

விண்டோஸ் இன்ஸ்டாலர் ஃபோல்டர்

தொடாதீர்கள்.

ஹைபர்ஃபில்

ஹைபர்நேட் செய்யும்போது மெமரியில் இருப்பதை விண்டோஸ் சேமித்து வைக்கும் கோப்பு இது. டெலீட் அடித்தால் போகாது. ஹைபர்நேட்டை அணைத்தால் தானே போய்விடும்.

1 டிபி வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுது

கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. இதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

விண்டோஸ்.ஓல்ட்

பழைய விண்டோஸை எடுத்துவைக்கும் ஃபோல்டர் இது; பெரிய அப்டேட்டுக்குப் பிறகு பல ஜிபி பிடிக்கும். 10 நாளில் விண்டோஸே அழித்துவிடும். பிரின்டரும் டாலியும் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்ப்பதற்கு முன் அவசரப்பட்டு அழித்தால், பழைய வெர்ஷனுக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடும்.