கல் அச்சில் பியூட்டர் வார்ப்பு: மூன்று சுழிப் பதக்கம்

கெல்டியர் (பழங்கால ஐரோப்பிய மக்கள்) பாணிப் பரிசுப்பொருள் என்றாலே பின்னல் முடிச்சை வரைந்துவிடுகிறார்கள். அது கி.பி. 7ஆம் நூற்றாண்டு வாக்கில் பரவிய பாணி. கி.மு. 450 அளவில் தொடங்கிய பழைய கெல்டியக் கலையான லா டேன் பாணிக்கு உயிர் காம்பஸ் வளைவும் சுழியும்தான். 1857இல் தேம்ஸ் ஆற்றில் கிடைத்த பேட்டர்ஸி கேடயத்தைப் பார்த்தால் புரியும். கெல்டியர்கள் வெண்கலத்திலும் பொன்னிலும் செய்ததை வீட்டு அடுப்பில் செய்ய, எளிதில் உருகும் வெள்ளீயக் கலவையான பியூட்டர்தான் தோது.

தேவையானவை: ஈயம் கலக்காத பியூட்டர் 80 கிராம் (வெள்ளீயம் சுமார் 92%, மிச்சம் ஆன்டிமனியும் செம்பும்), 8 செ.மீ. சதுர மாக்கல் பலகை இரண்டு (2 செ.மீ. கனம்), இரும்புக் கரண்டி, சி-கிளாம்ப், தோல் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, முகக்கவசம். பழைய பியூட்டர் பாத்திரத்தை உருக்க வேண்டாம். அதில் ஈயம் இருக்கலாம்.

இரு கற்களையும் கண்ணாடிப் பலகைமேல் விரித்த 120 நம்பர் உப்புத்தாளில் நனைத்துத் தேயுங்கள். சேர்த்துப் பிடித்தால் இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது. ஒன்றில் 40 மி.மீ. வட்டத்தை 2.5 மி.மீ. ஆழம் குடையுங்கள். கல் ஈரமாகவே இருக்கட்டும், தூசி நுரையீரலுக்கு ஆகாது.

குழியின் தரையில் 18 மி.மீ. ஆரத்தில் வட்டம் போட்டு, அதே ஆரத்தால் விளிம்பை ஆறாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று புள்ளி எடுங்கள். மையத்திலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ள கோட்டின் நடுவே முள்ளை ஊன்றி, 9 மி.மீ. ஆரத்தில் ஒரே பக்கமாக அரைவட்டம். சுழி வந்துவிட்டது. கோடுகளை 1 மி.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவில் செதுக்குங்கள். அடி அகன்றால் வார்ப்பு கழலாது. வார்ப்பில் சுழி எதிர்த்திசையில் சுற்றும் என்பதும் நினைவிருக்கட்டும்.

குழியிலிருந்து கல்லின் மேல்விளிம்புவரை ஊற்றுவாய்: மேலே 12 மி.மீ., கீழே 6 மி.மீ. இருபுறமும் காற்று போக மெல்லிய கீறல் இரண்டிரண்டு. இவை இல்லாவிட்டால் ஓரம் நிரம்பாது.

ஈரக் கல்லில் உலோகம் பட்டால் நீராவி வெடித்துத் தெறிக்கும். எனவே ஒரு நாள் உலர்த்தி, மெல்ல 120 டிகிரிக்குச் சூடேற்றி, டால்கம் பவுடர் தூவி, கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பியூட்டரை உருக்கி மேல் ஏட்டை ஒதுக்குங்கள். 310 டிகிரி போதும். வெப்பமானி இல்லையா? செய்தித்தாள் துண்டைத் தொட்டால் பழுப்பாக வேண்டும். கருகினால் சூடு அதிகம். இடையில் நிறுத்தாமல் ஒரே வீச்சில் ஊற்றுங்கள்.

மடிப்பு மடிப்பாக வந்தால் கல் ஆறியிருக்கிறது. உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருந்தால் உலோகம் அளவுக்கு மேல் சூடாகியிருக்கிறது. ஊற்றுவாய் அருகே குழி விழுந்தால் ஊற்றுவாய் ஒடுக்கம். முதல் இரண்டு வார்ப்பு பெரும்பாலும் பாழாகும், திரும்ப உருக்கிக்கொள்ளலாம்.

ஐந்து நிமிடம் கழித்துத் திறங்கள். சூட்டோடு வளைத்தால் முறியும். ஊற்றுவாயை அறுத்து, அரம் போட்டு, பள்ளத்தில் கறுப்பு அக்ரிலிக் தடவித் துடைத்து, மேட்டை மட்டும் நைஸ் ஸ்டீல் வுல்லால் தேய்த்தால் போதும். வெள்ளிக்குக் கருமை ஏற்றும் கந்தகக் கரைசல் இதில் சரியாகப் பிடிக்காது.