போர்னியோவில் கொம்புத் தவளையைப் பார்த்தால் என்ன பெயர் எழுதுவது?

இரவு நடைக்கு என்னோடு வருகிறவர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: கொம்பை மட்டும் பார்த்துப் பெயர் எழுதாதீர்கள். தென் அமெரிக்காவிலும் கொம்புத் தவளை உண்டு, சாலமன் தீவுகளிலும் உண்டு. அவை வேறு வேறு குடும்பங்கள். போர்னியோவில் இருப்பது மெகோஃப்ரியிடே குடும்பம்.

முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மழை விட்டதும் ஓடைக்கரையில் தகரத்தை ஓங்கித் தட்டியதுபோல ஒற்றைச் சத்தம் வரும். அந்தப் பக்கம் டார்ச்சைத் தாழ்த்தி, சருகைச் சாண் சாணாகப் பாருங்கள். கொம்பு என்பது கூர்முனைகள்தான்: இமைக்கு ஒன்றாக இரண்டு, மூக்கு நுனியில் மூன்றாவது. முதுகில் நீளவாக்கில் ஓடும் தோல்மடிப்பு இலை நரம்பாகவே தெரியும். மூன்று முனையும் நன்றாக நீண்டிருந்தால் பெலோபெட்ராக்கஸ் நாசுட்டஸாக இருக்கலாம். பெண் 12 செ.மீ. வரை வளரும், ஆண் சிறியது. கையில் எடுக்க வேண்டாம். கொசு மருந்து தடவிய கை அதன் தோலுக்கு ஆகாது.

அடுத்து உயரத்தைக் குறியுங்கள். நாசுட்டஸ் பெரும்பாலும் தாழ்நிலக் காட்டுக்காரன். போர்னியோவின் மலேசிய மாநிலமான சபாவில் கினபாலு மலைமேல் நிற்கிறீர்கள் என்றால் அவசரப்பட வேண்டாம். 1997-இல் புதிய இனமாக அறிவியலில் விவரிக்கப்பட்ட கோபயாஷி இனம் அங்கே இருக்கிறது, பார்வைக்கு மிக நெருக்கம். இமை, மூக்கு இரண்டையும் பக்கவாட்டில் படமெடுத்து, உயரத்தோடு சேர்த்து வையுங்கள்.

தெற்குத் தாய்லாந்து, தீபகற்ப மலேசியா, சிங்கப்பூர், சுமத்ராவிலும் நாசுட்டஸ் உண்டு. கடல் தாண்டத் தெரியாத தவளை எப்படிப் போனது? பனியுகத்தில் கடல் தாழ்ந்தபோது இவையெல்லாம் போர்னியோவோடு ஒட்டிய ஒரே நிலம். பலவானில் லிகாயே, மிண்டனாவோவில் ஸ்டெஜ்னெகெரி என்று பிலிப்பைன்ஸ் உறவுகள் தனி; இரண்டையும் 1920-இல் விவரித்தவர் எட்வர்ட் டெய்லர்.

பழைய நூல்களைப் பார்க்கும்போது கவனம் தேவை. போர்னியோப் பதிவில் 'மொன்டானா' என்றிருந்தால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 1822-இல் பெயரிடப்பட்ட மொன்டானா ஜாவாவின் இனம். நாசுட்டஸை விலங்கியலாளர் ஷ்லேகல் 1858-இல் விவரித்த பிறகும் மொன்டானாவின் கிளையினமாகவே பலர் எழுதிவந்தார்கள். 'மெகோஃப்ரிஸ் நாசுட்டா' என்றால் நம் தவளையேதான், பேரினப் பெயர் மட்டும் அண்மையில் மாறியது.

வளர்ந்தது கண்ணில் படாவிட்டால் ஓடையோரத் தேங்கல்களில் தலைப்பிரட்டையைத் தேடுங்கள். மேல்நோக்கி விரிந்த புனல் வாயால் நீர்ப்பரப்பில் மிதப்பதைத் தின்னும். இந்த வாய் நெருங்கிய இனங்கள் எல்லாவற்றுக்கும் பொது, அதனால் குடும்பத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம், படத்தை இணையத்தில் போடும்போது சரியான இடத்தை மறைத்துவிடுங்கள். வளர்ப்பு வியாபாரத்துக்கு இதைப் பிடிக்கிறார்கள். ஓடையின் பெயர் வேண்டாம், மாவட்டம் போதும்.